வேண்டும் என்பது ஆசையா, ஆணையா?

நம் வீடுகளில் ஒரு நாளில் எத்தனை முறை 'வேண்டும்' என்னும் சொல் ஒலிக்கிறது என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? 'இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும்', 'பெருநாளைக்கு நீ ஊருக்கு வர வேண்டும்', 'அவன் மருத்துவம் படிக்க வேண்டும்', 'இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும்'. தாய் சொல்கிறாள்; தந்தை சொல்கிறார்; திண்ணையில் சாய்ந்திருக்கும் நன்னியும் சொல்கிறார். இவற்றுள் எது ஆசை, எது ஆணை? சொல்லின் வடிவத்தைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. 'வேண்டு' என்பதன் பொருள் விரும்பு என்பதே. ஆயினும் அதே சொல்தான் கட்டாயத்தையும் குறித்து நிற்கிறது. சொல்பவர் தம் ஆசையைச் சொல்லியிருப்பார். கேட்பவர் அதனை ஆணையாக ஏற்றுக்கொண்டு வாய்மூடி நிற்பார். இந்தச் சிறு மயக்கத்தால் நம் குடும்பங்களில் விளையும் துன்பம் சிறிதன்று. அதனைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

இந்தச் சிந்தனையை என்னுள் கிளறிவிட்டது, வியப்பாகத் தோன்றலாம், இத்தாலிய மொழி. என் அக்காள் மகன் பொறியியல் முடித்து, மேற்படிப்புக்காக இத்தாலி நாட்டின் தூரின் நகரத்திற்குச் சென்றிருக்கிறான். பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தாலும், கடைத்தெருவுக்கும் அலுவலகத்திற்கும் அந்நாட்டு மொழி தேவைப்படுகிறது. ஒருநாள் தொலைபேசியில், "மாமா, எல்லாம் புரிகிறது, இந்தக் கொன்ஜுந்தீவோ மட்டும் மண்டையில் ஏறவில்லை" என்று சலித்துக்கொண்டான். என்னவென்று கேட்டேன். அவன் விளக்கியபோது எனக்கு வந்தது சலிப்பன்று, மகிழ்ச்சி. ஏனெனில் அவன் சொன்னது, நான் இருபது ஆண்டுகளாக மதரஸா மாணவர்களுக்குச் சொல்லித்தரும் நஹ்வு பாடமாகவே இருந்தது.

அறிந்ததும் விரும்பியதும்

இத்தாலிய மொழியில் 'நீ எழுதுகிறாய் என்பதை நான் அறிவேன்' என்பதற்கு 'ஸோ கே து ஸ்க்ரீவி' என்பார்கள். ஆனால் 'நீ எழுதுவதையே நான் விரும்புகிறேன்' என்று சொல்லும்போது 'ப்ரெஃபெரிஸ்கோ கே து ஸ்க்ரீவா' என்பார்கள். எழுதுதல் என்னும் வினை ஒன்றே. அறிந்த செய்தியைச் சொல்லும்போது அது 'ஸ்க்ரீவி' என முடிகிறது. விருப்பத்தைச் சொல்லும்போது 'ஸ்க்ரீவா' என ஈறு மாறிவிடுகிறது. இந்த மாறிய வடிவத்திற்கே கொன்ஜுந்தீவோ என்று பெயர்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. 'நான் எழுதுவதையே நான் விரும்புகிறேன்' என்னும்போது இந்த வடிவம் வருவதில்லை. 'ப்ரெஃபெரிஸ்கோ ஸ்க்ரீவெரே' என்று வினையின் பொது வடிவத்தோடு நின்றுவிடுகிறது. விரும்புபவர் ஒருவர், செய்ய வேண்டியவர் மற்றொருவர் என்று ஆகும்போதுதான் ஈறு மாறுகிறது. நம் தமிழிலும் 'நான் எழுத விரும்புகிறேன்' என்று நேராகச் சொல்கிறோம்; 'நீ எழுத விரும்புகிறேன்' என்று சொல்ல முடியாது. 'நீ எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்' என்று சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது. பிறருடைய செயல் நம் கையில் இல்லை என்பதை மொழிகளே ஒப்புக்கொள்கின்றன.

இனி அரபு மொழிக்கு வருவோம். 'நீ எழுதுவதை நான் விரும்புகிறேன்' என்பது 'உஹிப்பு அன் தக்துப'. இங்கே 'அன்' என்னும் இடைச்சொல் வந்து, 'தக்துபு' என்று முடிய வேண்டிய வினைக்கு நஸ்பு கொடுத்துத் 'தக்துப' என்றாக்குகிறது. அன், லன், கய், இதன் என்னும் நான்கையும் மனப்பாடம் செய்யாத மதரஸா மாணவன் உண்டோ? ஆனால் 'நீ எழுதுவாய் என்பதை நான் அறிவேன்' என்றால் 'அஃலமு அன் ஸதக்துபு' என்றாகிறது. அங்கேயும் 'அன்' இருக்கிறது; ஆனால் வினைக்கு நஸ்பு இல்லை, ரஃப்உதான். அறிவைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் வரும் 'அன்' வேறு, விருப்பத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் வரும் 'அன்' வேறு என்பது நஹ்வு அறிஞர்களின் தீர்ப்பு.

அறிவும் அன்று, விருப்பமும் அன்று, எண்ணம் மட்டுமே என்றால்? அப்போது இரண்டும் ஆகும் என்றனர் அவர்கள். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 71ஆம் வசனத்தில், 'எண்ணினர்' என்பதைத் தொடர்ந்து வரும் ஒரு வினையை நாஃபிஉ, இப்னு கஸீர், இப்னு ஆமிர், ஆஸிம் ஆகிய இமாம்கள் நஸ்பாகவும், அபூ அம்ர், ஹம்ஸா, கிஸாயீ ஆகியோர் ரஃப்ஆகவும் ஓதியிருக்கின்றனர். இத்தாலியிலும் 'நினைக்கிறேன்' என்பதற்குப் பின் இலக்கண நூல் ஒன்றைச் சொல்ல, தெருப்பேச்சில் மற்றொன்றும் வழங்குகிறதாம். இதைச் சொன்னதும், "மாமா, மதரஸாவில் படித்திருந்தால் எனக்கு இத்தாலிய மொழி எளிதாக இருந்திருக்கும் போலிருக்கிறதே!" என்று சிரித்தான் அவன்.

இத்தாலிக்கும் நம் திருச்சிச் சீமைக்கும் மொழித் தொடர்பு புதிதன்று. 1680ஆம் ஆண்டு இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த பெஸ்கி பாதிரியார்தாம், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கி, வீரமாமுனிவர் என்னும் பெயரால் தமிழுக்குச் 'சதுரகராதி'யையும் 'தொன்னூல் விளக்க'த்தையும் தந்தவர். திருச்சியை ஆண்ட சந்தா சாகிபின் மதிப்பைப் பெற்றவர் என்றும், அவரோடு உரையாடுவதற்காகப் பாரசீகமும் உருதுவும் கற்றார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பேச்சுத் தமிழுக்கு லத்தீன் மொழியில் அவர் வரைந்த இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தம் தாய்மொழியில் வினையின் ஈற்றை மாற்றிச் சொல்லிப் பழகிய விருப்பத்தை, தமிழில் 'வேண்டும்' என்றும், 'வரட்டும்' என்றும், 'வருக' என்றும் இடமறிந்து சொல்ல அவரும் நம் மக்களிடமே கற்றிருப்பார்.

திருவரங்கத்துப் பெரியவர்

எங்கள் மதரஸா மாணவர்கள் சிலர் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகின்றனர். கலைப் பட்டம் பெற்றவன் என்பதால் அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இலக்கணத்தில் ஐயம் எழுந்தால் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, காவிரியைக் கடந்து, திருவரங்கம் சித்திரை வீதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் செல்வேன். எண்பதைக் கடந்தவர். என்னைப் 'பாய்' என்றே அன்போடு அழைப்பார். அவரிடம் இந்த 'வேண்டும்' பற்றிய என் மயக்கத்தை எடுத்து வைத்தேன்.

"எங்க ஊர்ப் பேச்சைக் கவனிச்சிருக்கேளா, பாய்? பெருமாளிடமும் 'எழுந்தருள வேணும்'தான். ஆத்துக்கு வர்ற பெரியவாளிடமும் 'எழுந்தருள வேணும்'தான். அந்த 'வேணும்' உத்தரவா? விண்ணப்பம்! அதே 'வேணும்' எஜமானன் வாயிலே வந்தா உத்தரவு. சொல்லிலே ஒண்ணுமில்லை, யார் யாரிடம் சொல்றாங்கிறதுதான்" என்றார்.

பிறகு பழைய இலக்கணச் செய்தி ஒன்றை நினைவூட்டினார். ஒருவர் மற்றொருவரிடம் ஒரு பொருளைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு. தாழ்ந்த நிலையில் உள்ளவர் உயர்ந்தவரிடம் 'ஈ' என்று கேட்பார். ஒத்த நிலையினர் 'தா' என்பர். உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் 'கொடு' என்பார். தொல்காப்பியமும் நன்னூலும் இதனை வகுத்துரைக்கின்றன. கேட்டதும் எனக்கு நம் பலாகத் நூல்கள் நினைவுக்கு வந்தன. ஏவல் வினை ஒன்றே. அதனை மேலோர் கீழோரிடம் சொன்னால் அம்ர், அதாவது கட்டளை. ஒத்தோர் தமக்குள் சொன்னால் இல்திமாஸ், அதாவது வேண்டுகோள். அடியான் இறைவனிடம் சொன்னால் துஆ. 'மன்னிப்பாயாக' என்று நாம் ரப்பிடம் கேட்பதும் அரபு வடிவத்தால் ஏவல்தான், நிலையால் இறைஞ்சுதல். காவிரிக்கரையின் இலக்கணமும் அரபகத்தின் இலக்கணமும் ஒரே உண்மையைத் தனித்தனியே கண்டறிந்திருப்பதை எண்ணி நான் வியந்து நின்றேன்.

அன்று வியங்கோள் வினைமுற்றைப் பற்றியும் பேசினோம். ஏவல் முன்னிலையில் நிற்பவரை நோக்கி மட்டுமே வரும். வியங்கோளோ இருதிணைக்கும் ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொது; க, இய, இயர் என்னும் ஈறுகளைப் பெறும். வாழ்த்தவும், வையவும், விதிக்கவும், வேண்டவும் பயன்படும். 'வாழ்க' என்றால் வாழும்படி எவரும் உத்தரவிடுவதில்லை. 'வருக' என்று வாயிலில் எழுதி வைத்தால் அது கட்டளையன்று, வரவேற்பு. இத்தாலியிலும் மதிப்பிற்குரியவரை அழைக்கும்போது ஏவலைச் சொல்லாமல், விருப்பத்தின் வடிவத்தை எடுத்து 'வெங்கா' என்கிறார்கள். 'இறைவன் உனக்கு அருள்வானாக' என்பதற்கும் 'தியோ தி பெனெதீகா' என்று அந்த வடிவத்தையே கையாளுகிறார்கள். முஸ்லிம்களாகிய நாம் துஆக்களில் 'அருள்வானாக', 'பொறுத்தருள்வானாக' என்று முடிக்கும் வழக்கமும் இந்த வியங்கோள் வழியில் வந்ததே ஆகும்.

பரீரா (ரலி) கேட்ட கேள்வி

கேட்பவருக்கு மயக்கம் தோன்றும்போது என் செய்வது? இதற்கு நம் மார்க்க வரலாற்றில் ஒளி வீசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் புகாரியில் பதிவாகியிருப்பது.

பரீரா (ரலி) அடிமைப் பெண்ணாக இருந்தவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள். அவருடைய கணவர் முகீஸ் (ரலி) அடிமையாகவே இருந்தார். விடுதலை பெற்ற பெண்ணுக்கு, அந்த மணத்தில் நீடிப்பதா, பிரிவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. பரீரா பிரிவைத் தேர்ந்தார். முகீஸோ மதீனத்துத் தெருக்களில் அவர் பின்னே அழுதுகொண்டே சென்றார்; கண்ணீர் தாடியில் வழிந்தோடியது. முகீஸ் பரீரா மீது கொண்ட காதலும், பரீராவுக்கு அவர் மீதிருந்த வெறுப்பும் வியப்பளிக்கவில்லையா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். பின்னர் பரீராவிடம், அவரோடு மீண்டும் சேர்ந்துகொண்டால் நலமாயிருக்குமே என்னும் கருத்தில் பேசினார்கள். அங்கே ஏவல் வினை இல்லை. 'லவ்' என்னும் இடைச்சொல்லோடு விருப்பம் மட்டுமே வெளிப்பட்டது.

அப்போது பரீரா கேட்ட கேள்வியைச் சிந்தியுங்கள். அல்லாஹ்வின் தூதரே, இது எனக்கு இடும் கட்டளையா என்று கேட்டார். நேற்றுவரை அடிமையாக இருந்த ஒரு பெண், அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணலாரிடம் இப்படிக் கேட்கிறார்! பெருமானார் (ஸல்) அவர்கள் சினந்தார்களா? 'என் விருப்பமே கட்டளைதானே' என்றார்களா? இல்லை. தாம் பரிந்துரை மட்டுமே செய்வதாகச் சொன்னார்கள். அவ்வாறாயின் முகீஸ் தமக்குத் தேவையில்லை என்று பரீரா கூறிவிட்டார். அத்தோடு அது முடிந்தது. கட்டளை என்றால் கீழ்ப்படியக் காத்திருந்தவர் அவர். விருப்பம் என்றால் தம் விருப்பத்தையும் சொல்லும் உரிமை தமக்குண்டு என்று அறிந்தவரும் அவரே.

நம் வீட்டில் ஒரு மகனோ மகளோ, 'அத்தா, இது உங்கள் ஆசையா, கட்டளையா?' என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 'எதிர்த்துப் பேசாதே' என்றுதானே பெரும்பாலும் சொல்வோம்?

மௌனத்தின் பொருள்

இரண்டாண்டுகளுக்கு முன் என் அக்காள் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தூரினில் படிப்பவனுக்கு அவள் தங்கை. பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தாள். மாப்பிள்ளை நல்ல பையன். குடும்பமும் தீனுடைய குடும்பம். மச்சானுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "இந்த இடம் அமைய வேண்டும்" என்று அவர் வீட்டில் பலமுறை சொன்னார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு, நிச்சயத்திற்கு நாள் பார்க்கும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. அக்காளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நீயே ஒருமுறை அவளைக் கேட்டுவிடு" என்று என்னிடம் சொன்னார்.

கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்பது உண்மையே. ஆனால் அது, அவளிடம் முறையாக அனுமதி கேட்கப்பட்ட பின்னர் வரும் மௌனம். கேட்காமலே இருந்துவிட்டு, அவள் பேசாதிருந்ததைச் சம்மதம் என்பது எங்ஙனம் பொருந்தும்? அனுமதி கேட்கும்போது அவள் சிரித்தால் என்ன பொருள், அழுதால் என்ன பொருள் என்றெல்லாம் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். மணமுடித்துக் கணவனோடு வாழ்ந்தறிந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மறுமணம் செய்து கொடுத்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த மணத்தையே ரத்துச் செய்ததும் புகாரியில் இருக்கிறது.

நான் அவளிடம், "இந்த இடம் அமைய வேண்டும் என்பது உன் அத்தாவின் ஆசை. அது கட்டளையன்று. உன் ஆசை என்ன என்று அறியவே நான் வந்திருக்கிறேன்" என்றேன். நெடுநேரம் கழித்து, "மாமா, மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பி.எட். முடித்துவிட்டுத் திருமணம் என்றால் எனக்கு நல்லது. அத்தா முடிவு செய்துவிட்டார் என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டாண்டு தவணை கேட்டோம். அவர்களுக்கு அவர்கள் அவசரம், அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தச் சம்பந்தம் நழுவிப் போயிற்று. மச்சான் சில மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய வருத்தத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல இடம் எளிதில் அமைவதில்லை. ஆயினும் ஒருநாள் அவரே, "நான் ஆசையைத்தான் சொன்னேன், அவள் அதை முடிவு என்று எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார். அந்தப் பெண் இப்போது பி.எட். படித்து முடிக்கும் நிலையில் இருக்கிறாள். வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இம்முறை முதலில் அவளிடமே கேட்கிறார் மச்சான்.

விருப்பம் முடிவாகும் இடம்

விருப்பத்திற்கு இத்தனை இடம் கொடுக்கும் நம் மார்க்கம், முடிவு என்று வரும்போது விருப்பத்தின் சொற்களை ஒதுக்கி வைத்துவிடுகிறது என்பதையும் காண வேண்டும். நிக்காஹ் மஜ்லிஸில் 'என் மகளை உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன்' என்று வலீ சொன்னால் அது நிக்காஹ் ஆகாது. 'கொடுத்தேன்' என்கிறார், 'ஏற்றுக்கொண்டேன்' என்கிறார் மணமகன். நிகழ்ந்து முடிந்ததைக் குறிக்கும் இறந்தகாலச் சொற்கள்! ஐயத்திற்கு இடமின்றி ஒப்பந்தம் உறுதியாக வேண்டும் என்பதே இதன் நோக்கம். அதனைத் தொடர்ந்து மணமக்களுக்காக ஓதப்படும் துஆவிலுள்ள 'பாரக' என்னும் சொல்லும் வடிவத்தால் இறந்தகாலமே; பொருளால் 'பரக்கத் செய்வானாக' என்னும் வேண்டுதல். கேட்டது கிடைத்தேவிட்டது என்னும் நம்பிக்கையோடு அரபு மொழி அங்கே வேண்டுகிறது என்பர் இலக்கண அறிஞர்.

இறைவனிடம் கேட்கும்போது 'நீ நாடினால் தா' என்று தயங்கிக் கேட்கலாகாது, உறுதியோடு கேட்க வேண்டும் என்பது நபிமொழியின் போதனை. அவனை நிர்ப்பந்திப்பார் எவருமில்லை. எனவே எவ்வளவு அழுத்திக் கேட்டாலும் பிழையில்லை. மனிதரிடம் அப்படியன்று. நம் பிள்ளைகளும், மனைவியும், மருமக்களும், நம்மிடம் பணி செய்வோரும் நம் சொல்லால் நிர்ப்பந்திக்கப்படக் கூடியவர்கள். அவர்களிடம் விருப்பத்தைச் சொல்லும்போது 'உனக்கு எப்படித் தோன்றுகிறது?' என்று ஒரு வாசலைத் திறந்து வைப்பது நம் கடமை.

அன்பார்ந்த வாசக சகோதர சகோதரிகளே! கட்டளை இடவேண்டிய இடங்கள் குடும்பத்தில் உண்டு. தொழுகையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் பெற்றோரின் பொறுப்பு. அங்கே 'வேண்டும்' என்பது ஆணையாகவே இருக்கட்டும். ஆனால் எந்தப் படிப்பு, எந்தத் தொழில், எந்த வாழ்க்கைத் துணை என்பன போன்றவற்றில் 'இது என் ஆசை' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். பிள்ளைகளே! உங்களுக்கும் ஒரு சொல். வாய்மூடி இருந்துவிட்டுப் பின்னர் மனத்துள் புழுங்குவது பணிவு ஆகாது. பரீரா (ரலி) கேட்டதுபோல் மரியாதையோடு கேளுங்கள். ஆசை என்றால் உங்கள் ஆசையையும் எடுத்துரையுங்கள்.

ஒருவர் விருப்பத்தை ஒருவர் கேட்டறிந்து நடக்கும் இல்லங்களாக நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! நம் நாவுகளுக்கு மென்மையையும், நம் செவிகளுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.